0.0412 குறைந்துபோனது, பொறியியல் எனக்கு இனி இல்லையா?

கேள்வி: நான் கிளிநொச்சி மாவட்டம். கணிதப் பிரிவில் இரண்டாம் தடவையாக உயர்தரம் எழுதினேன். இணைந்த கணிதம் பி, பௌதிகவியல் சி, இரசாயனவியல் சி. வெட்டுப்புள்ளி வெளியானபோது பொறியியலுக்கு எனக்கு 0.0412 குறைவு. விண்ணப்பத்தில் பொறியியல் பீடங்களை மட்டும்தான் போட்டேன். வேறு எதைப் போட்டாலும் அதற்குள் தள்ளிவிடுவார்கள் என்று ரியூசனில் ஒரு அண்ணா சொன்னார். இப்போது ஒன்றும் கிடைக்கவில்லை. அப்பா மேசன். சின்ன வயதில் அவர் வேலை செய்யும் இடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். அங்கே பிளானை விரித்துவைத்து அப்பாவுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்த எஞ்சினியரைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசை வந்தது. மூன்றாம் தடவையும் எழுது என்கிறார் அம்மா. காணியை ஈடு வைத்துக் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்க்கலாம் என்கிறார் மாமா. அப்பா ஒன்றும் சொல்வதில்லை. அவர் பேசாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. எனக்கு வேறு வழி இருக்கிறதா?

வாசகி, கிளிநொச்சி

பதில்: பிள்ளை, வழி இருக்கிறது. ஒன்றல்ல, பல. அவற்றைச் சொல்வதற்கு முன் அந்த 0.0412 என்ற இலக்கத்தை இருவருமாகக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். உங்கள் கடிதத்தை வாசித்தபோது, அதை நீங்கள் ஒரு தீர்ப்பு மாதிரிச் சுமந்துகொண்டு திரிகிறீர்கள் என்று எனக்குப் பட்டது.

இசட் புள்ளி எப்படி வருகிறது என்பது கணிதப் பிரிவுக்காரியான உங்களுக்குத் தெரியும். ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுக்கிறார்கள். மூன்று பாடங்களுக்கும் அப்படிக் கிடைப்பவற்றின் சராசரிதான் உங்கள் இசட் புள்ளி. சராசரியில் 0.0412 குறைவு என்றால் மூன்று பாடங்களிலும் சேர்த்து 0.1236 குறைவு. ஒரு பாடத்தின் நியம விலகல் 20 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு பாடத்திலேயே இடைவெளி முழுவதையும் அடைப்பதற்கு ஏறத்தாழ இரண்டரைப் புள்ளி தேவைப்பட்டிருக்கும். இரசாயனவியல் கட்டுரை வினாவில் ஒரு பகுதியை விட்டுவிட்டு வந்தாலே போய்விடுகிற புள்ளி அது.

வெட்டுப்புள்ளியை யாரும் முன்கூட்டியே தீர்மானித்து வைப்பதில்லை. இடங்களில் 40 வீதம் நாடு தழுவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. அந்தப் 16இல் கிளிநொச்சியும் ஒன்று. மேலிருந்து கீழே நிரப்பிக்கொண்டு வரும்போது கடைசிக் கதிரையில் யார் உட்காருகிறாரோ அவருடைய இசட் புள்ளிதான் அந்த ஆண்டின் வெட்டுப்புள்ளி. அடுத்த ஆண்டு அது ஏறலாம், இறங்கலாம். உங்களால் பாலம் கட்ட முடியுமா முடியாதா என்று அந்த இலக்கத்தைக் கேட்டால் அதற்குத் தெரியாது.

இனிக் கொஞ்சம் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ரியூசன் அண்ணா சொன்னது பிழை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு உங்கள் விருப்ப வரிசையை மேலிருந்து பார்த்துக்கொண்டு வரும். மேலே உள்ளதற்குப் புள்ளி போதுமென்றால் அதைத்தான் தரும். கீழே பத்து நெறிகளை எழுதுவதால் மேலே இருப்பது பறிபோகாது. உங்கள் பாடங்களுக்குப் பௌதிக விஞ்ஞானம், கணிய அளவையியல், சப்ரகமுவையின் நில அளவை விஞ்ஞானம், மொறட்டுவையின் நகர, கிராமத் திட்டமிடல் என்று கட்டடத்தோடும் நிலத்தோடும் ஒட்டிய நெறிகள் எத்தனையோ இருந்தன. ஒவ்வொரு ஆண்டும் இதே வதந்தியை நம்பிப் படிவத்தில் ஐந்தாறு குறியீடுகளை மட்டும் எழுதிவிட்டு வெறுங்கையோடு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆறவில்லை. இதை வாசிக்கிற தம்பி தங்கைகளே, தயவுசெய்து ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை நீங்களே வாசியுங்கள். உளச்சார்புப் பரீட்சை தேவைப்படும் நெறிகளுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் அதிலேயே காண்பீர்கள்.

உங்கள் இடைவெளி சிறியது என்பதால் இரண்டு விடயங்களை உடனே பாருங்கள். மீள்திருத்தத்துக்கு விண்ணப்பித்திருந்தால் அதன் முடிவு வந்துவிட்டதா? அடுத்தது வெற்றிட நிரப்பல். இடம் கிடைத்தும் பதிவு செய்யாமல் விடுகிறவர்களின் இடங்களுக்கு வரிசையில் அடுத்து நிற்பவர்களை ஆணைக்குழு பிறகு அழைக்கிறது. 0.04 அளவில் தவறவிட்ட ஒருவருக்கு அந்தக் கதவு இன்னும் பூட்டப்படவில்லை. கடிதம் வரும் முகவரியும் தொலைபேசி இலக்கமும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆனால் அதையே நம்பி வாசலில் குந்திக்கொண்டிருக்க வேண்டாம்.

அம்மா சொல்கிற மூன்றாம் தடவைக்கு வருகிறேன். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகள்தான் கணக்கு. உங்களிடம் ஒன்று மிச்சம் இருக்கிறது. இசட் புள்ளியில் இடைவெளி அரை, ஒன்று என்று இருந்திருந்தால் எழுத வேண்டாம் என்று நேரடியாகவே சொல்லியிருப்பேன். உங்களுக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. எழுதுங்கள். இரசாயனவியலுக்குத்தான் கூடுதல் நேரம் கொடுங்கள், அங்கேதான் ஏற இடம் அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அதை மட்டுமே செய்துகொண்டு ஒரு வருடம் வீட்டில் இருப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கூடப் படித்தவர்கள் கம்பஸ் போய்விட, தான் மட்டும் அதே மேசையில் அதே கடந்தகால வினாத்தாளோடு இருக்கிற பிள்ளைக்கு, படித்ததே மறந்துபோகும் நாட்கள் வரும். பரீட்சைக்குப் படிப்பதோடு இன்னொரு கதவையும் இப்போதே திறந்துவையுங்கள்.

அந்தக் கதவு எது என்று கேட்டால், உங்கள் நிலையில் உள்ளவருக்கு நான் முதலில் சொல்வது இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். 1980இல் தொடங்கியது. மாமா சொல்லும் இடத்தைப் போலத் தனியாருடையதல்ல, அரச பல்கலைக்கழகம். தலைமையகம் நாவலையில். யாழ்ப்பாணப் பிராந்திய நிலையம் கொக்குவிலில், பிறவுண் வீதியில். அங்கே பொறியியலில் சிறப்புப் பட்டம் இருக்கிறது. சிவில், மின், இயந்திரவியல், கணினி என்று துறைகளும் இருக்கின்றன. கணிதப் பிரிவின் மூன்று பாடங்களிலும் சித்தி பெற்ற உங்களுக்கு அங்கே நுழைய இசட் புள்ளி தேவையில்லை. ஆங்கில அறிவு எந்த அளவு வேண்டும் என்று விண்ணப்ப அறிவித்தலில் போடுவார்கள், கவனமாகப் பாருங்கள்.

இலகுவாக உள்ளே போகலாம் என்பதால் இலகுவாக வெளியே வரலாம் என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் விரிவுரை மண்டபத்தில் உட்காரவைக்க அங்கே ஆளில்லை. பாடப்புத்தகம் கைக்கு வரும், நீங்களாகத்தான் வாசிக்க வேண்டும். குறித்த நாட்களில் வகுப்பு நடக்கும். ஒப்படைகளையும் தொடர் மதிப்பீடுகளையும் செய்து தகைமை பெற்றால்தான் இறுதிப் பரீட்சை எழுத விடுவார்கள். ஆய்வுகூட வேலைக்கு நாவலைக்குப் போய் நிற்க வேண்டி வரும். எல்லாம் ஆங்கிலத்தில். நான்கு ஆண்டில் முடிக்கலாம் என்று ஏட்டில் இருக்கும். வேலை செய்துகொண்டே ஏழு, எட்டு ஆண்டுகள் எடுத்தவர்களும் உண்டு, இடையில் விட்டவர்களும் உண்டு. விட்டவர்களில் பலர் கெட்டிக்காரர்கள்தான். தனியாக இருந்து படிக்கிற பழக்கம் அவர்களுக்கு இல்லாமல் போனது.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். வடமராட்சிக்காரர், என்னைவிடச் சில வயது இளையவர். தொண்ணூறுகளில் உங்களைப் போலவே கொஞ்சத்தில் தவறவிட்டார். கட்டுபெத்தையில் தேசியத் தொழில்நுட்ப டிப்ளோமா படித்தார், நாங்கள் என்.டி.ரி. என்று சொல்வோமே, அது. தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை எடுத்தார். யுத்தம் முடிந்து வன்னியில் வீதி வேலைகள் தொடங்கியபோது ஒரு மதகு கட்டுமிடத்தில் அவரைப் பார்த்தேன். கூம்பு அச்சை நிலத்தில் வைத்து, கொங்கிறீட்டை மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் 25 தடவை குத்திவிட்டு, அச்சை மெதுவாக மேலே தூக்கினார். குவியல் எவ்வளவு கீழே இறங்கியது என்று அடிமட்டம் வைத்து அளந்தார். தண்ணீர் கூடிவிட்டது என்று சொல்லி அந்த லொறிக் கலவையைத் திருப்பி அனுப்பினார். பக்கத்தில் நின்ற மேசன் ஐயா தலையை ஆட்டினார். அவர் கண்ணாலேயே அதைக் கண்டுபிடித்திருந்தார். அன்று பின்னேரம் வாகனத்தின் முன் சீற்றில் திறந்த பல்கலைக்கழகத்தின் பாடநூல் ஒன்று கிடந்தது. மட்டையில் சீமெந்துக் கைத்தடம். மாதத்துக்கு ஒரு தடவையாவது இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய், ஆய்வுகூடத்தை முடித்துக்கொண்டு, மற்ற இரவு பஸ்ஸில் திரும்புவார். ஆறு வருடம் ஓடியது. இன்று அவர் பொறியியலாளர். அவரிடம் வேலைக்கு வருகிற இளம் பட்டதாரிகளுக்கு முதல் கிழமை அந்தக் கூம்பைத்தான் கையில் கொடுக்கிறார்.

அந்த என்.டி.ரி. இப்போது ஹோமாகமைக்குப் பக்கத்தில் தியகமவில் நடக்கிறது, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப நிறுவகத்தில். கைத்தொழில் பயிற்சியோடு மூன்று ஆண்டுகள். ஆணைக்குழுவின் படிவத்தில் இது வராது, தனியாக விண்ணப்பம் கோருவார்கள். டிப்ளோமாதானே என்று உங்கள் வீட்டில் யாராவது முகம் சுளித்தால் ஒரு வரலாற்றைச் சொல்லுங்கள். இன்று எல்லோரும் முதல் விருப்பமாக எழுதுகிற மொறட்டுவைப் பல்கலைக்கழகமே 1960இல் கட்டுபெத்தையில் ஒரு செயன்முறைத் தொழில்நுட்ப நிறுவகமாகத்தான் தொடங்கியது. 1966இல் தொழில்நுட்பக் கல்லூரியானது, 1972இல் வளாகமானது, 1978இல்தான் பல்கலைக்கழகமானது.

இதுபோல மேலே ஏறக்கூடிய படிகள் இன்னும் சில உண்டு. கட்டுநாயக்கவில் பொறியியல் விஞ்ஞானத் தேசிய டிப்ளோமா இருக்கிறது. உயர் தொழில்நுட்பவியல் நிறுவகங்களில் உயர் தேசிய டிப்ளோமாக்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் அந்த நிறுவகம் குருநகரில். எந்த ஊரில் எந்தத் துறை நடக்கிறது என்பதை அந்த ஆண்டின் விண்ணப்ப அறிவித்தலில் பார்த்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளில் மாறும்.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதையும் சொல்ல வேண்டும். அறிவியல் நகருக்குப் போயிருப்பீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் அங்கே இருப்பதால், அந்த வீதியால் போகும்போது மனம் வலிக்கும் என்றும் எனக்குத் தெரியும். அதே அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இருக்கிறது, 2016இல் திறந்தது. காலையில் ஒரே பஸ்ஸில் இறங்கும் பிள்ளைகளில் சிலர் பீடத்துக்கும் சிலர் பயிற்சி நிறுவகத்துக்கும் நடக்கிறார்கள். நிர்மாணத் தொழில்நுட்பத்தில் தேசியத் தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ., அங்கே எடுக்கலாம். அந்தத் தகைமையில் ஏழு மட்டங்கள். முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். ஏழாம் மட்டத்துக்கென்றே 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் ஒன்று இரத்மலானையில் அமைந்திருக்கிறது. ஆனால் ஒளிக்காமல் சொல்கிறேன், மூன்று பாடமும் சித்தியடைந்த உங்களுக்கு இது சுற்றுவழி. அந்த வழியால் கிடைப்பது தொழில்நுட்பவியல் பட்டம். பொறியியல் பட்டத்துக்கு அது நிகர் என்று எல்லா இடத்திலும் எடுக்க மாட்டார்கள். கை வேலையில் உண்மையான விருப்பம் இருந்தால், அல்லது வீட்டில் சீக்கிரம் சம்பளம் தேவைப்பட்டால், அது நல்ல வழி.

மாமாவின் யோசனைக்கு வருகிறேன். மாமா உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. தனியார் நிறுவனங்களில் தரமானவையும் உண்டு. ஆனால் காணி உறுதியைக் கையில் எடுப்பதற்கு முன் இரண்டு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். அந்தப் பட்டத்தை மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா? பொறியியல் என்றால், இலங்கைப் பொறியியலாளர்கள் நிறுவனத்தின் தரச்சான்று அந்தக் குறிப்பிட்ட துறைக்கு இருக்கிறதா? பட்டயப் பொறியியலாளராகும் பாதையில் இரண்டாவது கேள்விதான் பெரிது. அந்த நிறுவனம் 2014 முதல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினர் என்பதால், அதன் தரச்சான்று பெற்ற பட்டத்துக்கு வெளிநாட்டிலும் மதிப்புண்டு. தரச்சான்று ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாக, குறித்த காலத்துக்குத்தான் கிடைக்கும். கல்லூரியின் வரவேற்பு மேசையில் இருப்பவர் ஓம் என்று சொன்னால் போதாது. பொறியியலாளர்கள் நிறுவனத்தின் பட்டியலிலேயே பாருங்கள். திறந்த பல்கலைக்கழகத்துக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள், அதில் தவறில்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு தாய் என்னிடம் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. தாலிக்கொடியை விற்று மகனை ஓரிடத்தில் சேர்த்தார். முதலில் டிப்ளோமா, பிறகு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் இறுதி ஆண்டு என்று சொன்னார்கள். பட்டமும் கிடைத்தது. அரச வேலைக்கு விண்ணப்பித்தபோதுதான் அது அங்கீகரிக்கப்பட்டதல்ல என்று தெரிந்தது. அந்த இரண்டு கேள்வியையும் சேருவதற்கு முன் கேட்டுச் சொல்ல அவருக்கு யாருமில்லை.

பணம்தான் தடை என்றால், குறிப்பிட்ட அரச சார்பற்ற உயர்கல்வி நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு 2017 முதல் அரசின் வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்றும் நடக்கிறது. எந்த நிறுவனம், எந்த நெறி என்று அரசே பட்டியல் வெளியிடும். அந்தப் பட்டியலுக்குள் வராத ஒன்றுக்காகக் காணியை ஈடு வைக்க நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

எனவே உங்களுக்கு நான் சொல்வது இதுதான். திறந்த பல்கலைக்கழகத்தின் பொறியியலுக்கு இந்த முறை விண்ணப்பம் கோரும்போதே விண்ணப்பியுங்கள். தியகமவுக்கும் விண்ணப்பியுங்கள். உயர்தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மூன்றாம் தடவை தோற்றுங்கள். திறந்த பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டு படிக்கும் கணிதம் அந்தப் பரீட்சைக்கும் உதவும், பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் தனியே நேரம் ஒதுக்க வேண்டி வரும். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் முழுநேர மாணவியாக இருக்க முடியாது. எங்கேனும் முழுநேரமாகப் பதிவு செய்வதற்கு முன், அந்தப் பதிவு உங்கள் பல்கலைக்கழக அனுமதி உரிமையைப் பாதிக்குமா என்று கைநூலில் அந்தப் பகுதியை வாசியுங்கள். விளங்கவில்லையென்றால் ஆணைக்குழுவுக்கு எழுதிக் கேளுங்கள். அடுத்த முறை படிவம் நிரப்பும்போது பொறியியலுக்குக் கீழே உங்களுக்குத் தகுதியுள்ள மற்ற நெறிகளையும் வரிசையாக எழுதுங்கள்.

அப்பாவைப் பற்றி. அவர் கோபத்தில் பேசாமல் இருக்கிறார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாழ்நாள் முழுதும் எஞ்சினியர்மார் சொல்லக் கேட்டுக் கல் வைத்த மனிதர். மகள் அந்தப் பிளானை விரிப்பாள் என்று நினைத்திருப்பார். இந்தப் படிவம், புள்ளி, ஆணைக்குழு எல்லாம் அவருக்குத் தெரியாத உலகம். என்ன சொல்வது என்று தெரியாமல்தான் இருக்கிறார். அவரைத் தனியே விட்டுவிட்டு அலுவல் பார்க்காதீர்கள். வேலை இல்லாத ஒரு கிழமை நாளில் அவரோடு பஸ் ஏறிக் கொக்குவிலுக்குப் போங்கள். பிறப்புச் சான்றிதழ், உயர்தரப் பெறுபேறு, அடையாள அட்டை மூன்றிலும் மூலத்தோடு இரண்டு பிரதி. விண்ணப்பம் எப்போது கோருவார்கள், முதல் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, தவணையாகக் கட்டலாமா, வகுப்புகளில் எவை கொக்குவிலில், எவை நாவலையில் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். கட்டணத்தைப் பற்றி அப்பாவே கேட்கட்டும்.

வெற்றிட நிரப்பலில் கடிதம் வந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். வராவிட்டால், எந்தத் துறையில் பதிந்தீர்கள் என்று எழுதுங்கள்.